கைக்கிளி

தென்காசிக்கு அணித்தாகிய இலத்தூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இக்காலத்துப் பிள்ளைகள் விரும்பி வளர்க்கும் பறவை ஒன்று உண்டு. சிட்டுக்குருவியினும் சற்றே பெரிதாய், கிளியின் வளைந்த மூக்கும் நீண்ட வாலும் உடையதாய், பச்சை, மஞ்சள், நீலம், வெண்மை எனப் பல நிறத்ததாய்க் கம்பிக் கூட்டினுள் ஓயாது கீச்சிடும் அதனைக் கடைக்காரர் 'லவ் பேர்ட்ஸ்' என்று கூறி விற்பர். அப்பெயர் பிழைபட்டது. லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்க நாட்டுக் குட்டைவாற் கிளியினம் ஒன்றற்கு உரிய பெயர். யாம் கூறவந்ததோ ஆஸ்திரேலியப் பறவை. பட்ஜெரிகர் என்றும், சுருக்கமாகப் பட்ஜி என்றும் வழங்கப்படுவது. அதனைக் கைக்குப் பழக்கும் முறையை, எம் இல்லத்துப் பயிற்சியானும் நூலறிவானும் அறிந்தவாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட புல்வெளிகளே பட்ஜியின் தாயகம். மழை பெய்த நிலத்தைத் தேடிப் பெருங்கூட்டமாகப் பறந்து சென்று, புல்விதை தின்று, மரப்பொந்துகளில் முட்டையிட்டு வாழ்வது அதன் இயல்பு. 1805 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் அறிஞர் அதனை முதன்முதல் நூலில் விவரித்தார். பறவை ஓவிய நூல்களாற் புகழ்பெற்ற ஜான் கூல்டு 1840 இல் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் ஐரோப்பியர் அவற்றைக் கூட்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து பெருக்கினர். காட்டிலுள்ளவை பெரும்பாலும் பச்சையும் மஞ்சளும் கலந்து கருவரி ஓடிய ஒரே கோலத்தன. நீலமும் வெண்மையும் பிறவும் வளர்ப்போர் தெரிந்தெடுத்து நிலைபெறுத்திய நிறங்கள். நம் கடைகளில் விற்பவை அனைத்தும் அவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கூட்டிற் பிறந்தவற்றின் வழிவந்தனவே.

இச்செய்தியை விரித்துக் கூறியது காரணம் பற்றியே. நம்மூர்ப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது வேறு. பட்ஜியை வளர்ப்பது வேறு. பட்டுப்போன பனையின் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து, இறகை நறுக்கிக் கூட்டில் அடைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தது. முற்றும் ஒழிந்தது என்று கூறவும் இயலாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது தகாது. வயலும் பனையும் கண்முன் இருக்க, தன் இனம் தலைக்குமேல் கூவிச் செல்ல, அக்கிளி கம்பிக்குள் இருக்கும். அதனைத் திறந்துவிட்டால் அதற்குப் போக இடம் உண்டு. பட்ஜிக்கோ அவ்விடம் இல்லை. இரக்கமுற்று இலத்தூர்க் குளக்கரையில் அதனைப் பறக்கவிட்டால், இரை தேடவும் வல்லூறுக்கு ஒளியவும் அறியாது ஓரிரு நாளில் காக்கைக்கோ பூனைக்கோ இரையாகும். ஆகவே, வானத்தின் உரிமையை அதற்கு மீட்டுக் கொடுப்பது நம்மால் இயலாதது. நம்மால் இயல்வது ஒன்றே: நம்மைக் கண்டு அஞ்சும் அச்சத்தினின்று அதனை விடுவித்தல். நாள்தோறும் நீரும் தீனியும் வைக்கும் கையைக் கண்டு நாள்தோறும் நடுங்கும் உயிர், ஏழெட்டு ஆண்டு அவ்வாறே நடுங்கிக் கழியுமாயின், அக்கூடு சிறையினும் கொடிது. கைக்குப் பழக்குதல் விளையாட்டுக்காக அன்று என்று யாம் கருதுவது இதுபற்றியே.

பறவையைக் கைப்படுத்துதற்கு இருவழி உண்டு. ஒருவழியை எம் பக்கத்து இலக்கியமே பாடியிருக்கின்றது. தென்காசியை அடுத்த மேலகரத்திற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியைக் கற்றவர், அதன் பிற்பகுதியிற் சிங்கனும் அவன் துணைவன் நூவனும் பறவை பிடிக்க வரும் காட்சியை மறந்திரார். வயல்தோறும் பறவைகள் வந்து இறங்குவதும், சிங்கன் கண்ணி வைக்க விரைவதும் நகைச்சுவை ததும்பப் பேசப்படுகின்றன. அது கண்ணி வழி. கூட்டினுள் கையை விட்டுத் துரத்திப் பிடித்து, "இரண்டு நாளில் பழகிவிடும்" என்று இறுக்கி வைத்துக்கொள்வோர் செய்வதும் கண்ணி வழியே. கயிற்றுக்கு மாறாக விரல் என்பதொன்றே வேற்றுமை. அவ்வாறு பிடிக்கப்பட்ட பட்ஜி சில நாளில் அசையாது கையில் இருக்கும். அதனைப் பழக்கம் என்று மயங்கற்க. அஃது அச்சத்தால் விறைத்தல்.

மற்றொரு வழிக்கு அகத்திணையினின்று ஒரு சொல்லைக் கடன் வாங்குகின்றோம். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்பர் தொல்காப்பியர். தான் சொல்லும் சொல்லுக்கு மறுமொழி பெறாமலே சொல்லி மகிழ்வது அதன் இலக்கணம். பட்ஜியை வாங்கிவந்த முதற் பத்து நாளும் வளர்ப்போன் நிலை இதுவே. கூட்டின் அருகில் அமர்ந்து மெல்லிய குரலிற் பேசவேண்டும், அது மறுமொழி கூறாது, மூலைக்கு ஒதுங்கும், நாம் எழுந்து சென்றபின்னரே தீனி தின்னும். அதற்காக வருந்தாது மறுநாளும் அமர்தல் வேண்டும். என்ன பேசுவது என்று கேட்பார்க்கு, எதுவும் பேசலாம் என்பதே விடை. யாம் தேர்வுக்குரிய நன்னூற் சூத்திரங்களைக் கூட்டருகில் இருந்து உரக்கப் படித்தோம். பறவை எவ்வளவு கற்றதோ அறியோம். எமக்குச் சொல்லதிகாரம் மனப்பாடமாயிற்று.

வாங்கும்போதே சிலவற்றைக் கவனித்தல் நலம். முட்டை பொரிய ஏறத்தாழ 18 நாளாகும். பொரித்த ஐந்து வாரத்திற் குஞ்சு கூடையைவிட்டு வெளிவரும். ஆறு முதல் எட்டு வாரப் பருவத்ததே பழக்குதற்கு ஏற்றது. அவ்விளமையை அறிவது எளிது. குஞ்சின் நெற்றியிற் கருவரிகள் மூக்கின் அடிவரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகுதிர்ந்தபின் அவை மறைந்து நெற்றி வெளுக்கும். கண்ணும் முற்றும் கருமையாக இருக்கும். வளர்ந்தபின்னரே கருமணியைச் சுற்றி வெள்வளையம் தோன்றும். நிறக் கலப்புச் சிலவற்றில் இவ்வடையாளங்கள் பொருந்தா. வளர்ந்த பறவையில் அலகின்மேல் மூக்குத்துளைகளைச் சூழ்ந்த மெழுகு போன்ற தசை ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருப்பது பெருவழக்கு.

ஒன்று வாங்குவதா, இரண்டு வாங்குவதா என்பது வினா. ஒன்றாயின் விரைந்து பழகும். ஏனெனில் அதற்கு வேறு துணை இல்லை. ஆனால் கூட்டமாக வாழப் பிறந்த பறவையைத் தனித்து வைத்துவிட்டு நாம் காலையிற் கல்லூரிக்குச் சென்று மாலையில் திரும்புவோமாயின், அப்பழக்கம் தனிமையின் விலையாகப் பெற்றதாகும். வீட்டில் எந்நேரமும் ஆள் இருப்பின் ஒன்று போதும். இல்லையெனின் இரண்டே வேண்டும், பழக்கம் சற்றுத் தாமதமாயினும் குறையன்று.

கூடு உயரத்தினும் அகலம் மிக்கதாக இருத்தல் வேண்டும்; பட்ஜி மேல்நோக்கி அன்றிக் கிடையாகவே பறப்பது. இரண்டடிக்குக் குறைந்த அகலம் ஆகாது. ஒருபுறம் சுவர் சார்ந்திருப்பின் பறவைக்கு முதுகுக் காவல் உண்டு. கடையில் தரும் வழவழப்பான நெகிழிக் கோலை நீக்கி, தடித்தும் மெலிந்தும் உள்ள வேப்பங்கொப்பும் கொய்யாக் கொப்பும் செருகினால் காலுக்கு நலம். எம் ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆனியிலும் ஆடியிலும் குற்றால மலையிலிருந்து சாரலும் காற்றும் வீசும்போது, ஊரார் மகிழ்ந்து திண்ணையில் அமர்வர். கூட்டையும் அங்கே தொங்கவிடுதல் கேடு. நாள் முழுதும் ஈரக்காற்றில் நனையும் பட்ஜி இறகைப் புடைத்துக்கொண்டு குறுகும். அக்காலத்திற் கூட்டை உள்ளறைக்கு மாற்றுக. அடுக்களையும் ஆகாது, ஒட்டாப் பூச்சுப் பூசிய சட்டி அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் எழும் ஆவி மனிதருக்குத் தோன்றாமலே சிறு பறவைகளைச் சில நிமிடத்திற் கொன்றுவிடும். செவ்வெறும்பையும் மறவற்க.

இனி, அச்சத்தை அறியும் வகை. மெய்ப்பாட்டியலிற் கூறப்பட்ட எட்டனுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களம் நான்கு என்று கூறும் ஆசிரியர், விலங்கையும் கள்வரையும் ஆள்வோரையும் அவற்றுள் அடக்குவர். கூட்டின் வாயில் வழியே நுழையும் மனிதக் கை அச்சிறு பறவைக்கு இம்மூன்றுமாகத் தோன்றும் போலும். 30 அல்லது 40 கிராம் எடையுள்ள உயிர்க்கு நம் கை எத்துணைப் பெரிது என்பதை எண்ணுக. அதன் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்தவை. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்தே. ஆதலாற் கையை எப்பொழுதும் பக்கத்திலிருந்தோ கீழிருந்தோ கொண்டுசெல்லல் வேண்டும். இறகுகள் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, அசைவற்று, மார்பு விரைந்து துடிக்குமாயின் அஃது அஞ்சுகின்றது. கை அவ்விடத்தே நிற்கட்டும். இறகு சற்றுத் தளர்ந்து, ஒருகால் மடக்கி, அலகைத் தேய்த்து அரைக்கும் ஒலி கேட்பின் அஃது அமைதி. இவ்வேறுபாட்டை அறியாதவர் எவ்வளவு பொறுமையுடையராயினும் பழக்க வல்லர் அல்லர்.

பத்து நாட் சென்று, நாம் அருகிலிருக்கவே பறவை தீனி தின்னத் தொடங்கியபின், தினைக்கதிர் கருவியாகும். இங்கே தமிழ் மாணவர்க்கு நகை தோன்றாமலிராது. குறிஞ்சித் திணையின் தலைவி பரண்மேலிருந்து தட்டையும் தழலும் குளிரும் கொண்டு கிளியை ஓட்டியது இத்தினைக்காகவே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அக்கருவிகளின் பெயரைக் காணலாம். அதே குறிஞ்சி மலையின் அடியிலிருந்து யாம் அதே தினையைக் காட்டிக் கிளியை அழைக்கின்றோம். கிளிக்குத் தினையின்மேல் உள்ள வேட்கையை அவள் அறிந்திருந்தாள். அவ்வறிவே ஈண்டும் உதவுவது. உதிர்த்த தினையும் கம்பும் கிண்ணத்தில் எப்பொழுதும் இருக்கட்டும். கதிரோடு கூடிய தினை மட்டும் கையினின்றே கிடைக்கவேண்டும். பட்டினி போட்டுப் பழக்குக என்று கூறுவாரும் உளர். அது கொடுமை என்பதோடு ஆபத்தும் ஆகும். இவ்வளவு சிறிய உடலில் உணவுச் சேமிப்பு மிகக் குறைவு, அரைநாட் பட்டினியே அதனை வாட்டும்.

காலையும் மாலையும் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். கதிரின் நுனி பறவையின் பக்கமும் அடி நம் விரலிலுமாகக் கூட்டினுள் நீட்டி, அசையாதிருத்தல் வேண்டும். இந்த அசையாமையே இவ்வித்தையின் உயிர். எம் தங்கைக்குத் தோள் வலித்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையை மாற்றுவாள், பறவை பின்வாங்கும். அதனைக் கண்ட எம் ஆச்சி, "ஏட்டி, கையை ஆட்டாம இரு, மரக்கொப்புன்னு நெனைச்சு அதுவா வரும்" என்றார். அதன்பின் அவள் முழங்கையைக் கூட்டின் வாயிலில் ஊன்றிக்கொண்டாள். நான்காம் நாள் நுனியிலிருந்த ஒரு மணியைக் கொத்தியது. பின்னர் நாள்தோறும் கதிரைச் சிறிது குறுகப் பிடித்தாள். ஒன்பதாம் நாள் கதிரின் நீளம் ஒரு விரற்கடையாயிற்று. அன்று, எட்டாத மணியை எட்டுதற்பொருட்டு, பறவை ஒரு காலை அவள் விரல்மேல் வைத்தது. உடனே எடுத்துவிட்டது. மீண்டும் வைத்தது. பறவை தானே விரும்பிச் செய்த முதற்செயல் அதுவாதலின், மகிழ்ச்சியில் அவள் கூவிவிடாதிருந்ததே பெரிது.

அதன்பின் விரலை அதன் வயிற்றின் கீழ், காலுக்குச் சற்று மேலே மெல்லென வைத்து "ஏறு" என்று ஒரே சொல்லை ஒரே குரலிற் கூறுதல் வேண்டும். பட்ஜிக்கு இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாகப் பற்றும் கால்; நிற்கும் கோலினும் சற்று உயர்ந்த கோல் எதிர்ப்படின் அதன்மேல் ஏறுவது அதற்கு இயல்பு. ஏறியவுடன் ஒரு தினைமணி. இயல்பாக உள்ளதைச் சொல்லோடு இணைப்பதொன்றே நம் வேலை. ஏறுமுன் விரலை அலகாற் பற்றும். அதனைக் கடி என்று எண்ணிக் கையை வெடுக்கென இழுப்பது பலரது வழக்கம். கிளியினத்துக்கு அலகு மூன்றாம் கால். கொப்பு தாங்குமா என்று பார்த்தே அடி வைக்கும். இழுத்துவிட்டாலோ, இக்கொப்பு நம்பத்தகாதது என்று அறிந்துகொள்ளும். உண்மையாகவே கடிக்குமாயின், கையை அசைக்காது ஓரிரு கணம் நிறுத்தி, பின்பு மெல்ல விலக்குக. தட்டுதலும் அதட்டுதலும் ஒருகாலும் வேண்டா. பத்து நாட் பொறுமை ஒரு தட்டில் அழியும்.

கூட்டைவிட்டு வெளிக்கொணர்வது அடுத்த படி. சன்னல்களைச் சாத்தி, கண்ணாடிகளைத் துணியால் மூடி, நீர் நிறைந்த வாளிகளை அகற்றி, எல்லாவற்றுக்கும் முன்னர் மின்விசிறியை நிறுத்துதல் வேண்டும். நம் நாட்டு வீடுகளிற் பழகிய பட்ஜிகளுக்கு மின்விசிறி பெரும்பகை. இதனைக் காட்டியே சிலர் இறகை நறுக்குதல் நலம் என்று வாதிப்பர். அவ்வாதத்தை யாம் ஏற்கவில்லை. விசிறியை நிறுத்துவது ஒரு விரலின் வேலை. அதனைச் செய்யச் சோம்பிப் பறவையின் சிறகை நறுக்குவது முறையாகாது. அன்றியும், பறந்து செல்ல இயலாத பறவை கையில் இருப்பதனால் என்ன தெரியும்? பறக்கும் ஆற்றல் இருந்தும், அறை முழுதும் வெளியாக இருந்தும், அஃது உத்திரத்தினின்று இறங்கி விரல்மேல் வந்து அமருமாயின், அப்பொழுதன்றோ பழகியது என்று கூறலாம்? முதல்நாள் அது புத்தக அலமாரியின் உச்சியில் அமர்ந்துகொண்டு இறங்க மறுக்கும். துரத்தற்க, துணி வீசற்க. கூட்டின் வாயிலைத் திறந்து தினைக்கதிரை அதன்கண் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பசித்தபோது தானே திரும்பும். எம் இல்லத்துப் பறவை முதல்நாள் இரண்டரை மணிநேரம் தமிழ் லெக்சிகனின்மேல் அமர்ந்திருந்தது.

பேசப் பழக்குதலைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். அது கைப்பழக்கத்தின் பின்னரே இயல்வது. ஆண்பறவையே பெரிதும் பேசும். குரல் மிகச் சிறிது, விரைவு மிகப் பெரிது. ஆதலின் அது பேசுவதைப் பல நாள் நாம் பேச்சென்றே உணர்வதில்லை. இங்கிலாந்தில் ஸ்பார்க்கி வில்லியம்ஸ் என்னும் பட்ஜி 1958 இல் பி.பி.சி. நடத்திய போட்டியிற் பரிசு பெற்றது. கலிபோர்னியாவிற் பக் என்னும் பட்ஜி 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸ் நூலிற் பதிவாயிற்று; அது 1994 இல் இறந்தது. இவ்வளவு எல்லாப் பறவைக்கும் இயலும் என்று எதிர்பார்ப்போர் ஏமாற்றத்தைப் பறவையின்மேற் காட்டுவர். எம்முடையது "ஏறு" என்ற ஒரு சொல்லையே கற்றது. இப்பொழுது அஃது எம்மை நோக்கி அதனைக் கூறுகின்றது.

நலம் பேணுதற்கு இரண்டொரு குறிப்பு. சுண்ணச்சத்துக்கு வெளிநாட்டுப் பொருள் தேடவேண்டா. கணவாய் மீனின் ஓடு 'கடல்நுரை' என்னும் பெயரால் நாட்டுமருந்துக் கடைகளிற் கிடைக்கும், அதில் ஒரு துண்டைக் கூட்டிற் கட்டினாற் போதும். முருங்கைக் கீரையும் கொத்தமல்லித் தழையும் கழுவிக் கொடுக்கலாம். உப்பிட்ட உணவும் சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் ஆகா. பகலில் இறகைப் புடைத்துக் கூட்டின் அடியில் அமர்ந்திருக்கும் பறவை நோயுற்றது. நோயை மறைப்பது சிறு பறவைகளின் இயல்பாதலின், வெளிப்படத் தெரியும்போது காலம் மிகக் குறைவாகவே இருக்கும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியிற் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. தென்காசிப் பக்கத்தார்க்கு அது எட்டும் தொலைவே. கிளியினத்தினின்று மனிதர்க்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்றும் உண்டு. கூட்டைத் துடைத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் இரு சாரார்க்கும் காவல்.

மேற்கூறிய முறை எல்லாப் பறவைக்கும் ஒரே பயனைத் தரும் என்று நேயர்கள் கொள்ளற்க. எம் இல்லத்தில் இரண்டு பட்ஜிகள் உண்டு. முன்னர்க் கூறிய பச்சைப் பறவை இளமையில் வந்தது. மற்றொன்று நீலநிறப் பெண். வளர்ந்தபின், பலர் கை மாறி வந்தது. நான்கு மாதம் அதே பொறுமையோடு அதே தினைக்கதிரை நீட்டினோம். விரல்மேல் அது காலெடுத்து வைக்கவே இல்லை. மேலும் வற்புறுத்தலாமா என்று வீட்டில் ஆராய்ச்சி நடந்தது. தங்கை வேண்டும் என்றாள். யாம் வேண்டா என்றோம். அவளும் பின்னர் இசைந்தாள். அஞ்சாதிருத்தல் வேறு, நெருங்குதல் வேறு. முன்னதைப் பெற்ற உயிர் பின்னதைத் தர மறுக்குமாயின், மறுக்கும் உரிமை அதற்கு உண்டு. இப்பொழுது கை கூட்டினுள் நுழையும்போது அது மூலைக்கு ஓடுவதில்லை, இறகும் ஒடுங்குவதில்லை. தன் கோலில் இருந்தவாறே கழுத்தை நீட்டிக் கதிரைப் பற்றி இழுத்துத் தின்னும். பச்சைப் பறவை தோளில் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.